வாத்துக்கும் கோழிக்கும் சொன்னது

"வெட்கம் கெட்ட ஜென்மம். குடிக்கக் குடுத்தா குளிக்குது. இருக்க எடம் குடுத்தா எடத்தையே சேறாக்குது."

இது வாத்துக்குச் சொன்னது. சொன்னவள் பெரியவள். கையில் விளக்குமாறோடு ஈர உமியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து தவிட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்த சின்னவள் தலை நிமிரவில்லை. பிசைகிற கை மட்டும் கொஞ்சம் வேகமானது. பிறகு, தவிட்டு வாசனைக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஒரு சிவப்புப் பெட்டைக் கோழியை முழங்கையால் தள்ளிவிட்டு அதனிடம் சொன்னாள்.

"உனக்கு என்னடி, போற எடமெல்லாம் ராஜ மரியாதை வேணுமா? வந்த எடத்துல ஒதுங்கி இருக்கத் தெரியாது. குத்தம் சொல்ல மட்டும் மூக்கு நீளும்."

கோழி நகர்ந்து போனது. வாத்து மறுபடி தொட்டிக்குள் இறங்கியது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலையைத் தொடர்ந்தார்கள். மழைக்காலம் முழுக்க அந்த வீட்டுப் பின்கட்டில் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்தது. நேருக்கு நேர் பேசினால் சண்டை வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம். பறவைகளிடம் பேசினால் அது சண்டை ஆகாது. கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியவள் அந்த வீட்டு மோட்டார்காரருக்கு அக்கா. சின்னவள் அவர் பெண்டாட்டி. மோட்டார்காரர் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டித் தருகிறவர். தெருவில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். வாங்கிய வேலையை நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பார், ஆனால் வாடிக்கையாளர் கோபமாக வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, சிரித்து, நாற்காலி போட்டு, அவரையே மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பிவிடுவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒருவரிடமும் இல்லை என்று சொன்னதில்லை.

பெரியவள் புருஷன் போன பிறகு அவள் மகன் ஒரு அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனான். கோழிகளை விற்றுவிட்டு வா அம்மா என்றான். கால் கிளற ஒரு பிடி மண் இல்லாத வீடு. பால்கனியில் நின்று பார்த்தால் எதிர் வீட்டுப் பால்கனி தெரிந்தது. அவள் கோழிகளை விற்கவில்லை. இரண்டு கூடைகளில் போட்டு, மேலே சாக்கைக் கட்டி, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தான் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வா அக்கா, இது உன் வீடு என்று தம்பி வாசலுக்கு வந்து கூடையை வாங்கினார். சின்னவள் அவர் பின்னால் நின்று கூடைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வை பெரியவளுக்கு மறக்கவில்லை.

பின்கட்டு நீளமானது. சின்னவள் அதைக் கம்பி வலையால் பிரித்து வைத்திருந்தாள். வீட்டை ஒட்டிய பக்கம் சிமென்ட் தொட்டியோடு வாத்துகளுக்கு. கடைசியில், மேடான, காய்ந்த மண்ணில் வான்கோழிகளுக்கு. வாத்துகளைப் பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் திறந்துவிடுவாள். முன்னாலேயே விட்டால் போகிற போக்கில் கண்ட இடத்தில் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். வாத்து முட்டை எல்லாம் பேக்கரிக்குப் போகும். கேக் நன்றாக எழும்பும் என்று பேக்கரிக்காரர் வேறு முட்டை வாங்குவதில்லை. வான்கோழிதான் அவளுக்கு உயிர். குஞ்சாக வாங்கி, குண்டு பல்பு வெளிச்சத்தில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, தின்னத் தெரியாமல் நிற்கிற ஒவ்வொன்றுக்கும் அலகைத் தீவனத்தில் தொட்டுத் தொட்டுக் காட்டி வளர்த்தவை. வான்கோழிக் குஞ்சைப் போல முட்டாளும் இல்லை, அது பிழைத்து நின்றால் அதைப் போல கம்பீரமும் இல்லை என்பாள்.

பெரியவள் வந்ததும் நடுவில் இன்னொரு வலை கட்டிக் கோழிகளுக்கு இடம் விட்டாள் சின்னவள். முகம் சுளித்துக்கொண்டுதான் கட்டினாள். ஆனாலும் கட்டினாள். சில வாரம் அப்படியே போயிற்று.

ஒருநாள் பெரியவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தபோது பின்கட்டு வெட்டவெளியாகக் கிடந்தது. ஒரு வலைகூட இல்லை. வாத்தும் கோழியும் வான்கோழியும் கலந்து நின்று ஒன்றை ஒன்று பார்த்து முழித்துக்கொண்டிருந்தன. மொட்டைமாடியில் சுத்தியல் சத்தம். தம்பி அந்த வலைகளைக் கொண்டு புறாக்கூண்டு அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளையும் சாம்பலுமாகப் புறாக்கள். அவர் இறங்கி வந்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவதான் அக்கா எடுக்கச் சொன்னா. வலை கட்டி வெச்சா அண்ணியை ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கு, எல்லாம் ஒண்ணா மேயட்டும்னா. நீ அவகிட்ட எதுவும் கேட்டுக்காத. கூச்சப்படுவா."

பெரியவளுக்கு அந்தப் பெருந்தன்மை தொண்டையில் முள்ளாக நின்றது. அவள் கேட்காத தயவு. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, ஏற்றுக்கொள்ளவும் முடியாது. அதைவிட, அந்தத் தயவினால் சீரழிந்தது அவளுடைய கோழிகள்தான். வாத்து இருக்கிற இடத்தில் தரை காயாது. தீவனத்தை அள்ளும், தண்ணீரில் போய் அலசும், மறுபடி அள்ளும். குடிக்கிற தண்ணீர் கூழாகிவிடும். கோழிகளுக்கு விரல் இடுக்கில் சேறு காய்ந்து கட்டியாகி, நடக்கும்போது கல் கட்டிவிட்ட மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தன. தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாக மடியில் போட்டு, வெந்நீரில் காலை நனைத்து அந்தக் கட்டியை உடைத்து எடுத்தாள். கோழிகளின் தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் அடுக்கி உயரத்தில் வைத்தாள். வாத்துகள் செங்கல்லைத் தள்ளிவிட்டன. ஆண் வாத்து ஒன்று இருந்தது. தன் இனத்துப் பெட்டைகள் போதாமல் கோழிகளையும் துரத்திப் பிடித்துப் பிடரியைக் கவ்வி ஏறியது. இரண்டு கோழிகளுக்கு முதுகில் இறகே இல்லை. செத்த உடம்பு மாதிரி வெளுத்த தோல்.

"நல்ல வளப்பு," என்றாள் பெரியவள் அந்த ஆண் வாத்திடம். "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. அடக்க வேண்டியவங்க அடக்கல."

சின்னவள் அன்றைக்குப் பதில் சொன்னது வான்கோழியிடம். "பாத்துக்கோ. தானா கேட்டு வாங்கிக்கிட்டவங்களே இப்பிடிப் பேசினா, நாம எங்க போய் முட்டிக்கறது."

தானாகக் கேட்டு வாங்கியது என்ன என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் இருக்க இடம் கேட்டதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

வான்கோழிகள் விழ ஆரம்பித்தது அதற்குப் பிறகு. முதலில் ஒன்று கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குளிரில் போர்த்திக்கொண்ட கிழவன் மாதிரி நின்றது. எச்சம் கந்தகப் பொடியைக் கரைத்தது போல மஞ்சளாக இருந்தது. சின்னவள் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். மறுநாள் அது செத்துக் கிடந்தது. பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொண்டை சிவக்க, குப்பையைக் கிளறிக்கொண்டு, முட்டை போட்டுவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டு திரிந்தன.

நாலாவது பறவை போன காலையில் சின்னவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துச் சொன்னாள். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"நல்லா இருந்த எடம். எந்தக் கால் பட்டுச்சோ."

பெரியவள் கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். புருஷன் போனபோது மாமியார் வீட்டில் ஒருத்தி இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். இப்போது புடவையை மாற்றிக்கொண்டு, மழையில் குடையைக்கூட எடுக்காமல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஒரே பேச்சு. காலா, நோயா என்று படித்தவர் வாயால் சொல்லட்டும். அவள் காதுபடச் சொல்லட்டும். அதற்கப்புறம் அவள் எந்த வாத்தைப் பார்த்துப் பேசுகிறாள் என்று பார்க்கலாம்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு, தூக்கம் போதாத கண்கள். செத்த பறவையை ஒரு பிளாஸ்டிக் சாக்கின் மேல் மல்லாத்தி, வயிற்றைக் கத்தரியால் திறந்து, ஈரலை வெளியே எடுத்துக் காட்டினார். ஈரல் முழுக்க வட்ட வட்டமாக, நடுவில் குழிந்து, மஞ்சள் பூத்த புள்ளிகள். குடலின் கோடியில் இருந்த பைகள் வீங்கி, வெட்டினால் உள்ளே தயிர்க்கட்டி மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"கோழி எவ்வளவு நாளா இதுங்களோட மேயுது?" என்றார்.

பெரியவள்தான் பதில் சொன்னாள். மழை தொடங்கினதிலேருந்து.

"அப்ப அதுதான். கோழிக்கு இது ஒண்ணும் பண்ணாது. கோழி குடல்ல ஒரு சின்னப் புழு இருக்கும். அந்தப் புழுவோட முட்டைக்குள்ள இந்தக் கிருமி ஒளிஞ்சுக்கும். எச்சத்துல விழுந்து மண்ணுல கெடக்கும். மண்புழு அதத் தின்னும், மண்புழுவ வான்கோழி தின்னும். கோழி கடைசிவரைக்கும் கொழுகொழுன்னு நிக்கும். வான்கோழி செத்துப் போகும்."

"கோழியால," என்றாள் பெரியவள்.

"கோழியாலதாம்மா."

அவளே போய்க் கூட்டி வந்த டாக்டர். தன் மேல் பட்ட சேற்றைத் துடைக்கத்தான் கூட்டி வந்தாள். கால் என்று சின்னவள் சொன்னதற்கும் கோழி என்று டாக்டர் சொன்னதற்கும் நடுவில் தான் எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கால் வந்தது, கோழி வந்தது, சாவு வந்தது. சின்னவள் சிரிப்பாள் என்று காத்திருந்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. அறுபட்டுக் கிடந்த ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, இரண்டையும் சேர்த்து விடக் கூடாது என்று வான்கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியுமே, தடுப்பு ஒன்றும் கட்டவில்லையா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும் டாக்டர்," என்றாள் சின்னவள். "வலை கட்டித்தான் வெச்சிருந்தேன். இவங்கதான் பிரிக்கச் சொன்னாங்க." கையை நீட்டிக் காட்டினாள். இத்தனை நாளில் அவள் கோழியைக் காட்டாமல் ஆளைக் காட்டியது அப்போதுதான்.

"யாரு?" என்றாள் பெரியவள்.

"நீங்கதான் அண்ணி."

"நான் எப்ப உங்கிட்ட சொன்னேன்?"

"எங்கிட்ட எங்க பேசுனீங்க? அவர்கிட்ட சொன்னீங்க. என் கோழியை ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு, பொறந்த வீட்டு மண்ணுல எனக்கு எல்லை கட்டறாளான்னு கேட்டு அழுதீங்களாம். அக்கா அழுது நான் பாத்ததில்ல, ஒண்ணும் கேட்டுக்காதன்னு எங்கிட்ட கையைப் புடிச்சு சொன்னாரு."

தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் புறாக்கள் தொண்டைக்குள்ளேயே எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாத்து சாக்கின் ஓரத்துக்கு வந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அறுபட்ட பறவையைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பெரியவளுக்குள் ஒன்று மெதுவாக இடம் மாறி உட்கார்ந்தது. கோபம் போகவில்லை. முகம் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது, அவ்வளவுதான்.

"நான் அழுதேனாம்," என்றாள். பிறகு தம்பி தன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அண்ணியை ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று சின்னவள் வருத்தப்பட்டாள். எல்லாம் ஒன்றாக மேயட்டும் என்றாள். கேட்டால் கூச்சப்படுவாள்.

சின்னவள் கேட்டு முடித்துவிட்டு, "அவ்வளவு நல்லவளா நான்?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. வாத்து முட்டை நாறுகிறது, அந்தப் பாத்திரத்தில் எனக்குச் சமைக்காதே என்று பெரியவள் சொன்னாளாம். சொல்லவில்லை. முன்னறையில் பெரியவள் படுத்தால் வருகிறவர்களுக்கு அசிங்கம் என்று சின்னவள் சொன்னாளாம். சொல்லவில்லை. டீ போட வந்தால் ஒரு வேளைக்கே பால் தீர்ந்துவிடுகிறது என்று சொன்னாளாம்.

"அத நான் சொன்னேன்," என்றாள் சின்னவள்.

"பால் ஊத்தினாத்தான் டீ. நீ போடறது கழுவின தண்ணி."

டாக்டரம்மா பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். உயிரோடு இருப்பவைக்கு மருந்து எழுதிக் கொடுத்து, கோழிக் கால் படாத மண்ணுக்கு அவற்றை உடனே மாற்றச் சொன்னார். செத்தவற்றைச் சாயங்காலத்துக்குள் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். இந்த மண் இனி வருஷக்கணக்கில் வான்கோழிக்கு ஆகாது. ஒன்று கோழி, இல்லையென்றால் வான்கோழி. சொல்லிவிட்டு ஸ்கூட்டரை வீட்டு வாசலில் கிளப்பாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினார்.

மோட்டார்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கை கழுவுகிற இடத்தில் நின்று நகக்கண்ணில் இருந்த வார்னிஷைத் தேய்த்துக்கொண்டே இரண்டு முகங்களையும் பார்த்தார். ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு முகங்கள். அந்தக் காட்சி அவருக்குப் புதிது. வழக்கமான சிரிப்பு பாதியில் நின்றது.

"வலையை எதுக்குடா எடுத்த?" என்றாள் பெரியவள்.

அவர் சாக்கைப் பார்த்தார், வருத்தப்பட்டார், உயிருக்கு ஈடு உண்டா என்றார். யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது தோண்டி என்ன ஆகப்போகிறது, நடக்க வேண்டியதைப் பார்க்கலாம் என்றார். வலையை எதுக்கு எடுத்தீங்க என்று சின்னவளும் கேட்டாள். அவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"ஒரு கஸ்டமர் புறா குடுத்தாரு. ஆசையாக் குடுக்கறாரு, வேணாம்னு எப்பிடிச் சொல்றது? கூண்டுக்கு வலை வேணும். வீட்டுல இருந்துச்சு."

"அதை அப்பிடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் என்னைப் புடிச்சுக்குவீங்க. சண்டை வரும். வீட்டுல நிம்மதி வேணும்னு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். இவகிட்ட உன்னை விட்டுக் குடுக்காம, உங்கிட்ட இவளை விட்டுக் குடுக்காம." அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இவன் பொய் சொல்லும்போதுகூட உண்மையாகவே சொல்கிறான். சின்ன வயசில் பாத்திரத்தை உடைத்துவிட்டு, அம்மாவிடம் அக்கா பாவம் அடிக்காதே என்று அழுதவன் இவன். அவள் அடி வாங்கிக்கொண்டே இவனுக்காக இரங்கியிருக்கிறாள்.

அவர் பேச்சை மிருதுவாகத் திருப்பினார். "அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ ஒரு நாலு நாள் பையன் வீட்டுல இருந்துட்டு வாயேன். அதுக்குள்ள கோழிங்களை நல்ல எடமாப் பாத்துக் குடுத்துடறேன். எனக்காக இல்ல. இவ மனசு ஒடிஞ்சு போயிருக்கா பாரு, இவளுக்காக."

நாலு நாள் என்றால் எவ்வளவு நாள் என்று பெரியவளுக்குத் தெரியும். மூன்றாவது மாடி. எதிர் வீட்டுப் பால்கனி. வெறும் கை. சுவரோரம் மழைக்கு ஒடுங்கி நின்ற கோழிகளைப் பார்த்தாள். முதுகில் இறகில்லாத ஒன்று மற்றவைகளுக்கு நடுவில் புகுந்து நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும். கொன்றது கோழிதான் என்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு எந்த வாயால் கேட்பது?

"நான் சொன்னேனா?" என்றாள் சின்னவள்.

"என்ன?"

"எனக்காகன்னீங்களே. கோழியை அனுப்பச் சொல்லி, இவங்களைப் போகச் சொல்லி, நான் சொன்னேனா?"

"நீ சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

"அதான். உங்களுக்கே தெரியும். எங்க ரெண்டு பேர் வாயும் உங்ககிட்டதானே இருக்கு." சின்னவள் குரல் உயரவில்லை. தவிட்டுச் சட்டியை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். "கோழி இருக்கட்டும். கெட்ட மண்ணு கெட்டதுதான், கோழி போனா மட்டும் நாளைக்கே சரியாயிடுமா? மிச்சம் நிக்கற வான்கோழிய நான் பேக்கரிக்காரர் தோட்டத்துல கொண்டு போய் விடறேன். அங்க கோழி கெடையாது."

மோட்டார்காரர் முகம் மலர்ந்தது. பெரிய பாரம் இறங்கினவர் மாதிரி மூச்சு விட்டார். "பாத்தியா அக்கா? நான்தான் சொன்னேனே, அவளுக்கு உன் மேல எவ்வளவு பாசம்னு. பேசினா எல்லாம் சமாதானம் ஆயிடும்."

"சமாதானம் இல்ல," என்றாள் சின்னவள். "இவங்க கோழியால என் வான்கோழி செத்துச்சு. அந்தக் கோவம் எனக்கு இருக்கு. ரொம்ப நாளைக்கு இருக்கும். அது எனக்கும் இவங்களுக்கும். நடுவுல நீங்க வராதீங்க."

"உன் வாத்து என் கோழி முதுகை மொட்டையடிச்சு வெச்சிருக்கு," என்றாள் பெரியவள். "எனக்கும் இருக்கு."

"இருக்கட்டும்."

சின்னவள் சுவரோரம் போய் மண்வெட்டியை எடுத்து வந்து புருஷன் முன்னால் நீட்டினாள். அவர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். டாக்டர் உடனே புதைக்கச் சொன்னார் என்றாள் அவள். சாயங்காலத்துக்குள் என்றுதான் டாக்டர் சொன்னார். பெரியவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் உள்ளே போய்ச் சுண்ணாம்பு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோண்டினார். மேல் மண் சேறாக இருந்ததால் சுலபமாக வந்தது. அதற்குக் கீழே கல்லும் களிமண்ணும். மண்வெட்டி பட்ட இடமெல்லாம் நெருப்பு தெறிக்காத குறை. மெல்லிய கம்பியை விரல் நுனியால் சுற்றிப் பழகின கை, சீக்கிரமே தோல் உரிந்தது. முழங்கால் ஆழத்தில் நிமிர்ந்து பார்த்தார். குழிக்கு இந்தப் பக்கம் பெரியவள் நின்றாள், அந்தப் பக்கம் சின்னவள். வாத்துகள் அவர் வெட்டிப் போட்ட மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. இன்னும் என்றாள் ஒருத்தி. இடுப்பளவு போனதும் மறுபடி நின்றார். இன்னும் என்றாள் மற்றவள். மழை மறுபடி தூறியது. இரண்டு பேரும் நகரவில்லை.

அவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குள்ளிருந்து ஒருத்தியைப் பார்த்தார், திரும்பி மற்றவளைப் பார்த்தார். கடைசியில் பழகின பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அவகிட்ட நீ சொல்லேன்."

"என்ன சொல்லணும்?"

"போதும்னு."

பெரியவள் தலையைத் தூக்கி, குழிக்கு மேலாக, சின்னவள் கண்ணைப் பார்த்தாள்.

"போதுமான்னு கேக்கறான்."

சின்னவள் விளிம்புக்கு வந்து குனிந்து, குழியின் அடிவரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"போதாதுன்னு சொல்லுங்க அண்ணி."

பெரியவள் தம்பி பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள்.

"போதாதாம்."